போலோன்யாவில் மாவு தேய்த்த கதை

சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் சமையல் வகுப்புகள் மேல் எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. ஏப்ரன் கட்டிவிட்டு, கையில் கொஞ்சம் மாவு பூசவிட்டு, நாலு படம் எடுத்துக்கொடுத்து, ஒரு கோப்பை வைனும் ஊற்றி அனுப்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு. இத்தாலியில் அந்தக் கணக்கு பல இடங்களில் சரியாகவே வரும். ஃபுளோரன்ஸில் ஒரு வகுப்புக்குப் போன நண்பர் புலம்பித் தீர்த்தார். இருபது பேருக்கு மேல் கூட்டமாம். மாவை முன்கூட்டியே பிசைந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தார்களாம். இவர் செய்ததெல்லாம் மெஷினின் கைப்பிடியைச் சுற்றியதுதான். "கரும்பு ஜூஸ் கடையில வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

இதெல்லாம் தெரிந்தும் போலோன்யாவில் நானே தேடிப் பிடித்து ஒரு வகுப்பில் சேர்ந்தேன் என்றால், அதற்குக் காரணம் அந்த ஊர்.

இத்தாலியின் பாஸ்தாவை மோட்டாவாக இரண்டாகப் பிரிக்கலாம். தெற்கே துரும் எனும் கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும்தான் சரக்கு. முட்டைக்கு அங்கே வேலை குறைவு. பாரி நகரின் பழைய பகுதியில் ஒரு சந்தில் பெண்கள் வீட்டு வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்து, விரல் நுனியால் ஒரெக்கியெத்தே எனும் காது வடிவப் பாஸ்தாவை இழைத்துக்கொண்டிருப்பார்கள். வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் கதை வேறு. அங்கே மென்கோதுமை மாவும் முட்டையும். பாக்கெட்டில் விற்கும் உலர் பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே இத்தாலியில் சட்டம் வந்துவிட்டது. வீட்டில் செய்யும் முட்டை பாஸ்தா அந்தச் சட்டத்துக்குள் அடங்காத தனி வம்சம். அதன் தலைமையகம் எமிலியா ரோமான்யா மாநிலம், அந்த மாநிலத்தின் தலைநகர் போலோன்யா.

ஊருக்கு மூன்று பட்டப்பெயர்கள்: படித்தவள், குண்டம்மா, சிவப்பி. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்தால் முதல் பெயர். கூரை ஓடுகளின் நிறத்தாலும், பின்னாளில் இடதுசாரி அரசியலாலும் மூன்றாவது பெயர். நடுப்பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை, சந்தைப் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் போதும். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வளைவு நடைபாதைகளின் கீழேயே மழையில் நனையாமல் ஊர் முழுக்க நடக்கலாம். வழியெங்கும் பன்றித்தொடை தொங்கும்.

இந்த ஊரில் பாஸ்தா என்றால் முதலில் ஸ்ஃபோலியா. மாவை ஒரே பெரிய வட்டமாக, கையால், மெல்லிசாகத் தேய்த்த தகடு அது. நாடா, பொட்டலம், கசங்கல் என்று எந்த வடிவமாக இருந்தாலும் அந்தத் தகட்டிலிருந்துதான் பிறக்கும். அதைத் தேய்ப்பவருக்கு ஸ்ஃபோலினா என்று பெயர். தொழிலாகவே செய்யும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சில கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தேய்த்துக்கொண்டிருப்பார்கள், வழிப்போக்கர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போக மனமில்லை. அதனால் வகுப்பு தேடும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். மெஷின் இருக்கக் கூடாது.

உடன் வந்தது அண்ணி. அண்ணன் குடும்பம் மியூனிக்கில் இருக்கிறது. அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ஆல்ப்ஸைத் தாண்டி வெரோனா, போலோன்யா என்று நேராக ரயில் உண்டு. அண்ணன் லீவு இல்லை என்று கழன்றுகொண்டார். அண்ணி முட்டை சாப்பிடுவார், மீனும் கறியும் கிடையாது. அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போக ஐரோப்பாவிலேயே பொருத்தமில்லாத ஊர் எது என்று கேட்டால் போலோன்யா முதல் வரிசையில் நிற்கும். பீன்ஸ் சூப்பிலும் பன்றிக்கொழுப்பு மிதக்கலாம். ஆகவே முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். சமையல் சொல்லிக்கொடுக்கும் அம்மாவின் மகள் பதில் எழுதினாள்: ரிக்கோத்தா எனும் மெத்தென்ற பாலாடைக்கட்டி வைத்து மடிக்கும் தோர்தெல்லோனி பாஸ்தா இருக்கிறது, கவலைப்படாமல் வாருங்கள்.

வகுப்பு அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே. மொத்தம் ஆறு பேர். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும், குள்ளமான உருவம், முன்கை மட்டும் பளு தூக்குபவர் கை. நாங்கள் அவரைச் சின்யோரா என்றே கூப்பிட்டோம். அவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை தெரியும், அதில் பாதி "நோ". மிச்சத்தை மகள் மொழிபெயர்த்தாள்.

மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை. அதன் மேல் மத்தரெல்லோ. நம்மூர்ப் பூரிக்கட்டைக்கு இருக்கும் இரண்டு காதும் இதற்குக் கிடையாது. ஒரு மீட்டருக்குப் பக்கமான நீளத்தில், ஒரே பருமனாக இழைத்த வெறும் உருளை. அண்ணி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு மாவைத் தேய்க்கிறாங்களா, இல்ல புருஷனைத் திருத்துறாங்களா?" என்று என் காதில் கேட்டார். நான் சிரித்ததைப் பார்த்த சின்யோரா மகளிடம் என்ன என்று கேட்க, மகள் என்னைக் கேட்க, நான் சொல்ல, அது இத்தாலியனுக்குப் போய்ச் சேர்ந்ததும் சின்யோரா கட்டையை ஒருமுறை ஓங்கிக் காட்டினார். அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை அண்ணிக்குத் தனி மரியாதை.

அளவு எளிது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. மாவு 00 எனும் மிக நைசான ரகம், விரலில் தேய்த்தால் பவுடர் போட்ட உணர்வு. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, தண்ணீர் கிடையாது. உப்பெல்லாம் வேகவைக்கும் தண்ணீருக்கு. முட்டையை உடைத்ததும் மஞ்சள் கரு ஆரஞ்சும் சிவப்புமாக விழுந்தது. பாஸ்தாவுக்கு நிறம் ஏறுவதற்காகவே தனித் தீவனம் போட்டு வளர்த்த கோழிகளின் முட்டையாம், கடையில் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். மாவைக் குவித்து நடுவில் குழி பறித்து, முட்டையை உள்ளே விட்டு, முள்கரண்டியால் அடித்துக்கொண்டே ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும். எங்களுடன் இருந்த ஆஸ்திரேலியக்காரர் ஒருவரின் கரை உடைந்து முட்டை பலகையில் ஓட, சின்யோரா கையில் வைத்திருந்த சுரண்டியால் ஒரே வீச்சில் அதை மடக்கி உள்ளே தள்ளினார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாரத்துக்கு எத்தனை முட்டை இப்படி ஓடுமோ.

பிசைவது பத்து நிமிடத்துக்கு மேல். நாம் சப்பாத்திக்குப் பிசையும் மாவைவிட இது நன்றாக விறைப்பு. விரல் முட்டியால் குத்தினால் ஒத்துழைக்காது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால் சுற்று திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். உடம்பின் எடை முழுக்க அதில் இறங்க வேண்டும். அதனால்தான் மேசை இடுப்புக்குக் கீழே இருந்தது. மாவு வழவழப்பானதும் மூடி அரை மணி நேரம் ஓய்வு. பிசையும்போது கோதுமையின் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்து வலையாகி இறுகியிருக்கும். அந்த இறுக்கத்தோடு தேய்த்தால் தகடு பின்னால் சுருங்கிக்கொண்டே வரும். கொஞ்சம் விட்டுவைத்தால் தானாகத் தளர்ந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் காபி. பேச்சு எங்கெங்கோ போய், ஆஸ்திரேலியக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: பாஸ்தாவைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தது மார்கோ போலோதானே? மகள் கண்ணை உருட்டினாள். மார்கோ போலோ வெனிஸுக்குத் திரும்பியது 1295-இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154-இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் புவியியல் நூல் எழுதி முடித்த அல் இத்ரீசி, பலேர்மோவுக்குப் பக்கத்தில் த்ராபியா என்ற ஊரில் மாவு இழைகளைச் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்வதைப் பதிவு செய்திருக்கிறார். இதை நான் சொன்னதும், மார்கோ போலோ எங்கள் ஊர்க் காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்று அண்ணி தன் பங்குக்குச் சேர்த்தார். அண்ணிக்குப் பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம், விடுவாரா.

சின்யோரா தன் கதையைச் சொன்னார். ஸ்டூல் மேல் ஏறி நின்று அம்மாவிடம் தேய்க்கப் படித்தாராம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வரப்போகும் மருமகளுக்கு ஸ்ஃபோலியா வருமா என்று விசாரிப்பார்களாம். உங்கள் வீட்டில் இப்போதும் தினமும் இப்படித்தானா என்று ஓர் அமெரிக்கப் பெண் கண்கள் மின்னக் கேட்டாள். "தினமுமா? பாக்கெட்டை உடைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவேன். இது ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றார் சின்யோரா. அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த இடத்தில்தான் சின்யோராவை ரொம்பப் பிடித்துப்போனது. இத்தாலியச் சுற்றுலாவில் பாட்டிமாரை விற்பது பெரிய வியாபாரம். சுருக்கம் விழுந்த கை, பூப்போட்ட ஏப்ரன், பின்னணியில் மாண்டலின். அந்தக் கைகள் பல தலைமுறைகளாக விடியற்காலையில் எழுந்து சம்பளமில்லாமல் குடும்பத்துக்கே மாவு தேய்த்த கைகள் என்பதைப் படத்தில் யாரும் காட்டுவதில்லை. பாக்கெட் பாஸ்தா வந்தபோது பெருமூச்சு விட்டவர்களில் இந்தப் பாட்டிமார்தான் முதல் ஆளாக இருந்திருப்பார்கள்.

அப்புறம் தேய்க்கும் படலம். வகுப்பின் உயிர் இதில்தான்.

சப்பாத்தி தேய்த்துப் பழகிய கைக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாம் கட்டையைக் கீழ்நோக்கி அழுத்துவோம், அழுத்தத்தில் மாவு விரியும், வட்டம் தானாகச் சுழலும். சின்யோரா அண்ணியின் கை மேல் தன் கையை வைத்து நிறுத்தி, "நோ" என்றார். கீழே அழுத்தாதே, முன்னே தள்ளு. முதலில் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை யாரும் செய்துவிடலாம். அதற்கு மேல்தான் வித்தை.

வட்டம் பெரிதானதும் அதன் ஒரு பகுதியைப் பலகையின் விளிம்புக்கு வெளியே, தன் பக்கமாகத் தொங்கவிட்டார். வயிற்றை விளிம்போடு ஒட்டி நின்று, தொங்கும் பகுதி நழுவாமல் பிடித்துக்கொண்டார். எதிர்முனையைக் கட்டையில் சுற்றித் தன்னை நோக்கி உருட்டிக்கொண்டே வந்தார். உருட்டும்போது இரண்டு கைகளும் சும்மா இல்லை. கட்டையின் நடுவில் சேர்ந்திருந்தவை, உருண்டுவரும் அதே நேரத்தில் மாவைத் தடவிக்கொண்டே இரண்டு முனைகளை நோக்கி விலகிப் போயின. அப்போதுதான் மாவு அகலவாக்கில் இழுபடுகிறது. கட்டையோடு சுற்றியதை ஒரு தள்ளலில் முன்னே விரித்துவிட்டார். பலகையில் பட்டென்று ஒரு சத்தம். கால் சுற்று திருப்பினார், மறுபடி சுற்றல், தடவல், பட். சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை விரியும்போதும் தகடு ஒரு விரலளவு பெரிதாகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பலகையே தெரியவில்லை.

எவ்வளவு மெல்லிசாக வேண்டும்? அதற்கு ஊரில் ஒரு பேச்சு உண்டு. தகட்டைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தால் சான் லூக்கா தெரிய வேண்டும். ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் மாதா கோயில் அது. நகர வாசலிலிருந்து அங்கே ஏறிப்போக 666 வளைவுகள் கொண்ட, நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான கூரை வேய்ந்த நடைபாதை இருக்கிறது. சின்யோராவின் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தகட்டுக்குப் பின்னால் அந்தத் துணிகளின் நிறம் தெரிந்தது. போதும், தேறிவிட்டது என்று இறக்கினார்.

மரப்பலகைக்கும் மரக்கட்டைக்கும் காரணம் உண்டு. மரத்தின் நுண்ணிய சொரசொரப்பு மாவில் பதிகிறது. மெஷினின் எஃகு உருளைகளுக்கு நடுவே நசுங்கி வருவது பளபளப்பாக இருக்கும், சாறு வழுக்கிக்கொண்டு தட்டின் அடிக்குப் போய்விடும். கையில் தேய்த்தது சாற்றைப் பிடித்துவைக்கும். இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். தகட்டின் மேல் விரல் நுனியை ஓட்டிப் பார்த்தபோதுதான், சலவை செய்த பருத்தித் துணியில் இருக்குமே அந்த மெல்லிய பிடிப்பு, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் ஆறு பேர் தகடுகளும் ஆறு கண்டங்களின் வரைபடங்களாக இருந்தன. ஓர் ஓரம் தடிமன், நடுவில் ஓட்டை. கிழிந்த இடங்களில் சின்யோரா ஓரத்திலிருந்து ஒரு துண்டு கிள்ளி, ஈரவிரலால் ஒட்டி, கட்டையை ஒரு ஓட்டு ஓட்டி மறைத்துவிட்டார். எதுவும் வீணாகவில்லை. கோணல் மாணலான ஓரத் துண்டுகளுக்கு மால்தலியாத்தி என்று பெயர் சொல்லித் தனியாக எடுத்துவைத்தார். மறுநாள் பீன்ஸ் சூப்பில் போய்விடுமாம்.

பாதித் தகடு தாலியத்தெல்லேவுக்கு. இதற்கு மட்டும் தகடு கொஞ்சம் காய வேண்டும். தொட்டால் ஒட்டாமல், மடித்தால் உடையாமல் இருக்கும் பதம். பிறகு தளர்வாகச் சுருட்டி, அகலமான கத்தியால் நாடா நாடாவாக வெட்டி உதறிவிட வேண்டும்.

அந்த நாடாவின் அகலத்துக்குக்கூட போலோன்யாவில் ரிஜிஸ்டர் ஆபீஸ் உண்டு. 1972 ஏப்ரல் 16 அன்று இத்தாலியச் சமையல் அகாடமி, உள்ளூர் வர்த்தக சபையில் இதைப் பதிவு செய்தது. வெந்த தாலியத்தெல்லேவின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. மாதிரிக்குத் தங்கத்தில் ஒரு நாடா செய்து அங்கே வைத்திருக்கிறார்கள். அண்ணி உடனே போனை எடுத்தார். கோபுரம் 97.2 மீட்டர். வகுத்தால் 7.92 மில்லிமீட்டர். "எட்டுன்னு ரவுண்டு பண்ணிட்டாங்க, பரவால்ல" என்று சான்றிதழ் கொடுத்தார். மறுநாள் கோபுரத்தைப் பார்க்கப் போனோம். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்தின் நிலை மோசமானதால் 2023 அக்டோபரிலிருந்து அந்த இடத்தைச் சுற்றி அடைத்துவிட்டார்கள், அசினெல்லியிலும் ஏற முடியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, 12,270 நாடாக்களை மனசுக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மீதித் தகடு தோர்தெல்லினிக்கு. இதற்குத் தகடு காயவே கூடாது. வெட்டாத பகுதியை மூடிவைத்துக்கொண்டு வேகமாக வேலை பார்க்க வேண்டும். மூன்று சென்டிமீட்டர் சதுரம். நடுவில் கொண்டைக்கடலை அளவு பூரணம். பன்றி இடுப்புக்கறி, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ப்ரொஷூத்தோ, பன்றிக்கறித் தொத்திறைச்சியான மொர்தடெல்லா, பர்மிஜானோ பாலாடைக்கட்டி, முட்டை, ஜாதிக்காய். இந்தப் பூரணத்தின் செய்முறையும் 1974-இல் அதே வர்த்தக சபையில் பதிவாகிவிட்டது. சதுரத்தை முக்கோணமாக மடித்து, ஓரத்தை அழுத்தி, சுண்டுவிரலைச் சுற்றி வளைத்து இரண்டு மூலைகளையும் ஒட்டவைத்து, மேல் மடிப்பைப் பின்னால் சாய்த்துவிட்டால் ஒன்று தயார். காதல் தெய்வம் வீனஸ் தங்கிய அறையைச் சாவித்துளை வழியாகப் பார்த்த ஒரு சத்திரக்காரன், கண்ணில் பட்ட தொப்புளின் வடிவத்தில் இதைச் செய்தான் என்று கதை. போலோன்யாவும் பக்கத்து ஊரான மொதெனாவும் தோர்தெல்லினி யாருடையது என்று இன்றும் சண்டை போடும். கதை நடந்ததாகச் சொல்லப்படும் காஸ்தெல்ஃப்ராங்கோ எமிலியா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

சின்யோரா பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, மடித்துத் தள்ளினார். நாங்கள் ஒன்று முடிப்பதற்குள் அவர் தட்டில் ஒரு வரிசை நிறைந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதை மடிக்குமாம். ஊர்வம்பு முழுக்க அந்த மேசையில்தான் பைசல் ஆகும் என்றாள் மகள்.

அண்ணிக்குப் பெரிய சதுரம், உள்ளே ரிக்கோத்தாவும் பார்ஸ்லியும். அதுதான் தோர்தெல்லோனி. இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல் கிளம்பியது. பூரணத்தில் சின்யோரா பர்மிஜானோ ரெஜ்ஜானோவைத் துருவப் போனார். விதிப்படி அந்தப் பாலாடைக்கட்டியில் மூன்றே பொருள்: பால், உப்பு, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள். அண்ணிக்கு இது தெரியும், அதனால் வேண்டாம் என்றார். சின்யோராவுக்குப் புரியவே இல்லை. பாலாடைக்கட்டியில் கறி எங்கே இருக்கிறது? மகள் விளக்கினாள். அவர் யோசித்தார், தலையை ஆட்டினார், தாவர உறைபொருளில் செய்த வேறொரு கட்டியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தார். மகள் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். எல்லாம் சுபம் என்று நினைத்தபோது சின்யோரா விரலை உயர்த்தினார். ரிக்கோத்தாவே பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தெளிந்த நீரைக் காய்ச்சி எடுப்பது. அந்தக் கட்டி எதில் உறைந்ததோ?

அண்ணி ஒரு நிமிஷம் ரிக்கோத்தாவையே பார்த்தார். "இவ்வளவு நோண்டினா பட்டினிதான் கிடக்கணும். நீ வையி" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, சின்யோராவிடம் கட்டைவிரலை உயர்த்தினார். கண்டிப்பான சைவக்காரர்கள் இத்தாலியில் இந்தக் கேள்வியை முன்பே முடிவு பண்ணிக்கொண்டு போவது நல்லது. "வெஜிடேரியன்" என்று சொன்னால் கறி வராது, பர்மிஜானோ கட்டாயம் வரும்.

சமையல் என்று பார்த்தால் வேலை ரொம்பக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பாஸ்தா, 10 கிராம் உப்பு. நாடா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிட்டது. அதற்கான ரகூ எனும் கறிச்சாறு காலையிலிருந்தே ஒரு மூலையில் சின்னத் தீயில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கறி, பன்றிக் கொழுப்பு, வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, வைன், கடைசியில் கொஞ்சம் பால். பூண்டு கிடையாது. இதுவும் 1982-இல் பதிவாகி, 2023-இல் திருத்தம் கண்ட செய்முறை. ஸ்பகெட்டி போலோனீஸ் என்று உலகம் முழுக்க விற்கிறார்களே என்று யாரோ கேட்டதற்குச் சின்யோராவிடமிருந்து அன்றைய மிக உரத்த "நோ" வந்தது. உருண்டையான, வழவழப்பான ஸ்பகெட்டியில் இந்தச் சாறு ஏறாது. அகலமும் சொரசொரப்பும் உள்ள நாடாவில் கறித்துணுக்குகள் ஒட்டிக்கொண்டே வாய்க்கு வரும். அண்ணியின் தோர்தெல்லோனிக்கு உருக்கிய வெண்ணெயில் சேஜ் இலை பொரித்து ஊற்றினார்கள். எங்கள் எல்லார் தட்டையும்விட அதுதான் நன்றாக இருந்தது, திருடிச் சாப்பிட்டதால் தெரியும்.

மூன்று மணி நேர வகுப்பில் ஸ்ஃபோலியா தேய்க்க வந்துவிடுமா என்றால், வராது. அதைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஆனால் வேறொன்று வந்தது. அடுத்தடுத்த நாட்களில் உணவகங்களில் தட்டு வந்ததும் என் கண் நேராக நாடாவின் விளிம்புக்குப் போனது. மேல்பரப்பு மினுமினுத்தால் மெஷின். ஒரே தட்டில் ஒரு நாடா கொஞ்சம் தடிமன், ஒன்று மெல்லிசு என்றால் உள்ளே யாரோ கட்டை பிடித்து நிற்கிறார்கள். தோர்தெல்லினியின் ஒட்டு மூலை தடித்து வேகாமல் பல்லில் இடித்தால், தேய்த்தவர் அவசரப்பட்டிருக்கிறார். சமைக்கக் கற்றேன் என்பதைவிடச் சாப்பிடக் கற்றேன் என்று சொல்வேன். அதற்கே நூறு யூரோவுக்குப் பக்கமாகக் கொடுத்தது தகும் என்று எனக்குப் பட்டது. அண்ணிக்கு அது அதிகம்தான்.

போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எத்தனை பேர், எட்டுக்கு மேல் என்றால் வேண்டாம். மாவை நாமே பிசைவோமா. தேய்க்கக் கட்டையா, மெஷினா. தீராமிசு இனிப்பும் சேர்த்துத் தருகிறோம், வைன் எவ்வளவு வேண்டுமானாலும் என்பதெல்லாம் ஈர்க்கும், ஆனால் அந்த நேரமெல்லாம் தேய்க்கும் நேரத்திலிருந்துதான் கழியும்.

மத்தரெல்லோ ஒன்றை அண்ணி கடையில் வாங்கி, ரயிலிலேயே மியூனிக்குக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு விமானத்தில் அவ்வளவு நீளக் கட்டையோடு ஏற முடியாது. சென்னை வந்ததும் ஒரு கடைசல் பட்டறையில் அளவைச் சொன்னேன். 85 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் பருமன், காது வேண்டாம், பாலிஷ் வேண்டவே வேண்டாம். கடைசல்காரர் பூவரசில் செய்து தந்தார். "எத்தனை பேருக்குங்க சப்பாத்தி?" என்று மட்டும் கேட்டார்.

நம்மூர் மைதாவில் நன்றாகவே வருகிறது. முட்டையை மட்டும் எண்ணிப் போடாமல் எடை போட வேண்டும். அங்கே நடுத்தர முட்டை என்பது 53 முதல் 63 கிராம் வரை, இங்கே கிடைப்பது பல நேரம் அதைவிடச் சின்னது. 100 கிராம் மாவுக்கு 55 கிராம் முட்டைக் கலவையில் தொடங்கினால் சரியாக வரும். நிறம் வெளிறித்தான் இருக்கும், அதற்கு மஞ்சள்தூள் போடாதீர்கள். தேய்க்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து வெடித்துவிடும். சென்னை மே மாதத்தில் இது ஒரு தவம். நாடா வெட்டுவதற்கு முன் காயவைக்க அதே விசிறியை இரண்டில் வைத்தால் போதும்.

இப்போதைக்கு இரண்டு முட்டைத் தகடு வரை கிழியாமல் வருகிறது. தோர்தெல்லினி பக்கம் இன்னும் போகவில்லை, அதற்கு மேசையைச் சுற்றி நாலு பேராவது வேண்டும். தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வருகிறது. அண்ணி உருளைக்கிழங்குப் பூரணம் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். சின்யோராவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் முடிவெடுத்திருக்கிறோம்.